வாயில் வைத்துப் பார்க்கும் வயது



பொம்மைகளைச் சோதிக்கும் ஆய்வகங்களில் ஒரு சிறிய உருளை இருக்கும். அதன் வாய் அகலம் 31.7 மில்லிமீட்டர். அடிப்பக்கம் சாய்வாக இருப்பதால் ஒரு பக்கம் 25.4 மில்லிமீட்டர் ஆழம், எதிர்ப்பக்கம் 57.1 மில்லிமீட்டர். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தொண்டையை மனத்தில் வைத்து வகுத்த அளவு இது. பொம்மையையும், அதிலிருந்து கழன்று விழும் சக்கரம், கண், பொத்தான் போன்றவற்றையும் அழுத்தாமல் அந்த உருளைக்குள் போட்டுப் பார்ப்பார்கள். எந்தத் துண்டாவது முழுவதுமாக உள்ளே இறங்கிவிட்டால், அந்தப் பொம்மை அந்த வயதுக்கு ஆகாது. கையில் புழங்கும் பத்து ரூபாய் நாணயத்தின் குறுக்களவு 27 மில்லிமீட்டர். அதைவிடக் கொஞ்சம் பெரிய ஓட்டை என்று வைத்துக்கொண்டால் கணக்கு பிடிபடும்.

பிறந்தநாள் பரிசைப் பற்றிப் பேச வந்த இடத்தில் இந்த உருளையை முதலில் எடுத்து வைக்கக் காரணம் உண்டு. நடை பழகும் குழந்தை ஒரு பொருளைக் கண்ணால் பார்ப்பதோடு விட்டுவிடுவதில்லை. பிடிக்கும், தட்டும், தரையில் போட்டு என்ன சத்தம் வருகிறது என்று கேட்கும், கடைசியில் வாய்க்குக் கொண்டுபோகும். அதற்குத் தெரிந்த ஆராய்ச்சி முறை அதுதான். அதனால் அந்த வயதுக்குப் பரிசு வாங்குகிறவர், கடையில் நிற்கும்போதே ‘இது வாய்க்குள் போனால் என்ன ஆகும்’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சுற்றுச்சூழலைப் பற்றிய கவலையும் இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம். குழந்தையின் வாய்க்கு ஆகாத வேதிப்பொருள் பெரும்பாலும் மண்ணுக்கும் நீருக்கும் ஆவதில்லை.

பிளாஸ்டிக்கிலிருந்து ஆரம்பிக்கலாம். குளிக்கும்போது அமுக்கி விளையாடும் மெத்தென்ற வாத்து, மீன் எல்லாம் பெரும்பாலும் பி.வி.சி. வகையைச் சேர்ந்தவை. பி.வி.சி. இயல்பில் விறைப்பானது. அதை வளைய வைக்கத் தாலேட்டுகள் என்னும் வேதிப்பொருட்களைச் சேர்ப்பார்கள். இவை பிளாஸ்டிக்கோடு பிணைந்து நிற்பதில்லை, வெறுமனே கலந்து கிடக்கின்றன. குழந்தை சப்பச் சப்ப எச்சிலோடு கசிந்து வருகின்றன. இவற்றில் சில, உடம்பின் ஹார்மோன் வேலையில் குறுக்கிடுபவை. ஐரோப்பிய ஒன்றியம் 1999-இல் குழந்தைகள் வாயில் வைக்கும் பொம்மைகளில் இவற்றைத் தற்காலிகமாகத் தடுத்தது. 2005-இல் அந்தத் தடையை நிலையானதாக்கியது. அமெரிக்கா 2008-இல் இயற்றிய சட்டத்தில் 0.1 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டியது.

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். நல்ல சட்டம். ஆனாலும் கோயில் திருவிழாக் கடைகளிலும் பேருந்து நிலைய வாசல்களிலும் முத்திரையில்லாத பொம்மைகள் இன்னும் குவிந்துதான் கிடக்கின்றன. மலிவு என்பதால் அவைதான் அதிகம் விலைபோகின்றன.

குழந்தை விளையாடி முடித்த பிறகு அந்தப் பொம்மை எங்கே போகிறது? தண்ணீர் பாட்டிலைப் பழைய சாமான்காரர் எடுத்துக்கொள்வார். பாட்டுப் பாடும் காரை அவர் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதில் மூன்று நான்கு வகைப் பிளாஸ்டிக், இரும்புத் திருகாணி, மின்கம்பி, சின்ன ஒலிபெருக்கி எல்லாம் ஒன்றாக ஒட்டிக் கிடக்கும். பிரித்தெடுக்கும் கூலி, பிரித்த சரக்கின் விலையைவிட அதிகம். ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2014-இல் வெளியிட்ட ஓர் அறிக்கை, வருமானத்தோடு ஒப்பிடுகையில் மிக அதிகமாகப் பிளாஸ்டிக்கை நம்பியிருக்கும் தொழில்களில் பொம்மைத் தொழிலை முதலிடத்தில் வைத்தது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கும் தட்டுகளுக்கும் தடை உண்டு. ஒரே மாதத்தில் உடைந்துபோகும் பொம்மை அந்தப் பட்டியலில் வரவில்லை. நடைமுறையில் அதுவும் ஒருமுறைப் பொருள்தான்.

எல்லாப் பிளாஸ்டிக்கையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது. டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932-இல் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். இழுத்தால் அலகை ஆட்டும் மர வாத்து அவருடைய பட்டறையில் பிறந்தது. அந்த நிறுவனம்தான் லெகோ. 1960-இல் மரப் பொம்மைக் கிடங்கு தீக்கிரையானதும் மரத்தை முற்றிலும் கைவிட்டுப் பிளாஸ்டிக் கட்டைகளில் முழுமூச்சாக இறங்கினார்கள். 1958-இல் வடிவம் பெற்ற கட்டை, இன்று வாங்கும் கட்டையோடும் பொருந்துகிறது. பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் கணக்கிட்டபோது, கடலில் விழுந்த ஒரு லெகோ கட்டை அழிய 100 முதல் 1,300 ஆண்டுகள் ஆகலாம் என்று தெரிந்தது. இவ்வளவு உழைக்கும் பொருள் ஏற்கெனவே ஒரு வீட்டில் இருந்தால், அதைக் குப்பையில் போடாமல் அடுத்த குழந்தைக்குக் கொடுப்பதே முறை. நடை பழகும் குழந்தைக்கென்று பெரிய அளவிலும் கட்டைகள் உண்டு. அண்ணன் விளையாடியதைக் கழுவித் துடைத்துத் தம்பிக்குத் தருவது, புதிதாக ஒரு மரப் பொம்மை வாங்குவதைவிடவும் பூமிக்கு இலகுவானது.

இனி மறுபக்கம். ‘பிளாஸ்டிக் இல்லை’ என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பிப் பரிசு வாங்குகிறவர்கள் ஏமாறும் இடங்கள் சில இருக்கின்றன. இந்த உரையில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய பகுதி இது.

முதலாவது, மூங்கில் தட்டு. குழந்தைகளுக்கான தட்டு, கிண்ணம், கரண்டி அடங்கிய ‘மூங்கில் செட்’ இப்போது நாகரிகமான பரிசாகிவிட்டது. பலவற்றில் மூங்கில் தூளாகத்தான் இருக்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது மெலமின் பிசின். அதாவது பிளாஸ்டிக். சூடான சோறும் ரசமும் ஊற்றும்போது மெலமினும் ஃபார்மால்டிஹைடும் உணவில் கலக்கக்கூடும். ஐரோப்பிய ஆணையம் 2021-இல் இத்தகைய பொருட்களைச் சந்தையிலிருந்து அகற்றத் தனி நடவடிக்கையே எடுத்தது. உண்மையான மூங்கில் என்றால் நார் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். வழவழவென்று, பல வண்ணத்தில், அச்சில் வார்த்தது போலிருந்தால் ஒதுக்கிவிடலாம். குழந்தைக்குத் தட்டுதான் வாங்க வேண்டும் என்றால் எவர்சில்வர் இருக்கும் நாட்டில் இந்தக் குழப்பமே தேவையில்லை.

இரண்டாவது, மரம் போன்ற மரம். எழுத்துப் புதிர்ப் பலகைகள் பலவும் மரத்தூளைப் பசையோடு சேர்த்து அழுத்திய பலகையில் வெட்டியவை. தரமற்ற பசையில் ஃபார்மால்டிஹைடு இருக்கும். பலகை நனைந்தால் உப்பிப் பிசிறு பிசிறாக உதிரும். விளிம்பைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: இழை ஓட்டம் இல்லாமல், காகிதக் கூழ் காய்ந்தது போல இருக்கும்.

மூன்றாவது, சாயம். 2007-இல் மேட்டல் நிறுவனம் சாயத்தில் ஈயம் இருந்ததால் லட்சக்கணக்கான பொம்மைகளைத் திரும்பப் பெற்றது. உலகின் மிகப் பெரிய பொம்மை நிறுவனங்களில் ஒன்றுக்கே அந்த நிலை. மரப் பொம்மையின் மேல் பூசிய மஞ்சள், சிவப்பு எனாமலிலும் இதே ஆபத்து உண்டு. பளிச்சென்ற மஞ்சளைத் தருவதற்கு ஈயக் குரோமேட்டை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தார்கள். இந்தியாவில் வீட்டுச் சாயங்களில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. வயிற்றுக்குள் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தையின் உடல் நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது மூளை வளர்ச்சியைத் தாக்கும். திரும்பப் பெற முடியாத இழப்பு அது. அதனால், யார் செய்தது, எப்போது செய்தது, என்ன சாயம் என்று தெரியாத பழைய வர்ணப் பொம்மையை, அது எவ்வளவு அழகான கொலுப் பொம்மையாக இருந்தாலும், குழந்தையின் கையில் கொடுக்கக் கூடாது.

நான்காவது, குன்றிமணி. களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்கும் அதே சிவப்பு விதை. அதைக் கோத்த மாலைகளையும் உள்ளே போட்ட கிலுகிலுப்பைகளையும் கைவினைப் பொருள் என்று விற்கிறார்கள். இயற்கையானதுதான், மண்ணில் மக்குவதுதான். ஆனால் அதற்குள் இருக்கும் அப்ரின் கொடிய நஞ்சு. முழு விதையின் தோல் கெட்டி. மெல்லப்பட்டாலோ, கோப்பதற்காகத் துளையிடப்பட்டிருந்தாலோ நஞ்சு வெளிப்பட்டுவிடும். நடை பழகும் குழந்தை இருக்கும் வீட்டில் குன்றிமணிக்கு இடமே இல்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். மரப்பாச்சி தமிழ் வீடுகளின் மதிப்புக்குரிய பொம்மை. செம்மரத்தில் கடைந்த ஆண், பெண் இணையைப் பெண்ணுக்குச் சீராகக் கொடுப்பதும், அந்தக் கட்டையைக் கல்லில் உரைத்துக் குழந்தைக்கு மருந்தாகத் தடவுவதும் வழக்கமாக இருந்தது. சாயமில்லை, ஒட்டில்லை, உடைவதில்லை. இருந்தும் செம்மரம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும் இயற்கையாக வளரும் மரம். அழியும் நிலையில் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. அதன் பன்னாட்டு வணிகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. பாட்டி வீட்டு மரப்பாச்சி கிடைத்தால் அது பொக்கிஷம். புதிதாக வாங்குகிறவர் வேறு மரத்தில் கடைந்ததைக் கேட்டு வாங்கலாம்.

அப்படியானால் எந்த மரம்? வெட்பாலை என்ற பெயர் பலருக்குத் தைலமாகத்தான் பழக்கம். இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறமாக மாறும்; தோல் நோய்க்குத் தடவுவார்கள். அந்த மரத்தின் கட்டை வெண்மையானது, மென்மையானது, இழை நெருக்கமானது. கர்நாடகத்தின் சென்னபட்டணத்தில் அதை ஆலெ மரம் என்கிறார்கள். ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாக்காவில் அங்குடு கர்ரா என்கிறார்கள். இரண்டு ஊரின் பொம்மைகளும் இந்த ஒரே மரத்திலிருந்து வருகின்றன. வெட்டிய இடத்திலிருந்து மீண்டும் தழைத்து வரும் மரம் என்பதால், செம்மரத்துக்கு நேர்ந்தது இதற்கு நேரத் தேவையில்லை.

செய்முறையைப் பார்த்தால் இந்தப் பொம்மை வாய்க்கு ஏன் ஏற்றது என்பது விளங்கும். ஈரம் போகக் கட்டையை மாதக்கணக்கில் உலர்த்துவார்கள். பிறகு கடைசல் பட்டறையில் ஏற்றிச் சுழலவிட்டு, உளியால் பந்து, குடம், சக்கரம் என்று உருவம் எடுப்பார்கள். உருவம் வந்ததும் சாயம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் கட்டையின்மேல் அழுத்திப் பிடிப்பார்கள். உராய்வில் எழும் சூட்டில் அரக்கு உருகி, மெல்லிய தோலாக மரத்தின்மேல் படியும். தூரிகை இல்லை, கரைப்பான் இல்லை, காயவைக்கும் நேரமும் இல்லை. கடைசியாகத் தாழை மடலை அதே வேகத்தில் வைத்து அழுத்த, கண்ணாடி போன்ற பளபளப்பு ஏறும். ஒரு பம்பரத்துக்கு வர்ணம் ஏறி முடிவது சில நிமிட வேலை. பார்க்கிறவர் மூச்சுப் பிடித்து நின்றுவிடுவார்.

அரக்கு என்பது ஒரு சிறு பூச்சி புரசு, இலந்தை போன்ற மரக்கிளைகளில் சுரந்து வைக்கும் பிசின். ஜார்க்கண்டின் காட்டுப் பகுதி மக்களுக்கு அது முக்கியமான வருமானம். மாத்திரைகளின் மேற்பூச்சிலும் மிட்டாயின் பளபளப்பிலும் நாம் தின்றுகொண்டிருப்பதும் சுத்திகரித்த அரக்குதான். ஆக, அடியில் வெட்பாலை, மேலே அரக்கு. குழந்தை சப்பினால் பயமில்லை. மீதமிருக்கும் ஒரே கேள்வி அரக்கில் கலக்கும் நிறம்.

அந்தக் கேள்விக்கு விடை தேடியவர் ஏட்டிகொப்பாக்காவின் சி.வி. ராஜு. வேதிச் சாயத்தூள்களின் வரவால் மறைந்துபோயிருந்த தாவர நிறங்களை மீட்டெடுத்தார். மஞ்சளிலிருந்து மஞ்சள் நிறம், அவுரியிலிருந்து நீலம், ஜாப்ரா விதையிலிருந்து செம்மஞ்சள் என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, ஊர்க் கைவினைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 2017-இல் அந்த ஊர்ப் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2023-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வந்தது. தாவர நிறங்கள் கண்ணைப் பறிக்காது. கொஞ்சம் மங்கலாக, மண்ணோடு சேர்ந்தாற்போல இருக்கும். கடையில் இரண்டு பொம்மைகளை அருகருகே வைத்தால் கை தானாகப் பளிச்சென்ற பக்கம் போகும். அந்த இடத்தில்தான் வாங்குகிறவர் மனத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

சென்னபட்டணத்துக்கும் ஒரு கதை உண்டு. திப்பு சுல்தான் பாரசீகக் கைவினைஞர்களை வரவழைத்து இந்தத் தொழிலைத் தொடங்கி வைத்தார் என்று சொல்வார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவாஸ் மியான் என்பவர் ஜப்பானிய அரக்கு வேலை நுணுக்கங்களைக் கொண்டுவந்து சேர்த்தார். பெங்களூரு - மைசூரு சாலையில், பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அந்தப் பக்கம் போகிற தமிழ்க் குடும்பங்கள் வண்டியை நிறுத்தி, பட்டறைக்குள்ளே நுழைந்து, செய்பவரிடமே நிறத்தைப் பற்றிக் கேட்டு வாங்கலாம். சாலையோரக் கடைகளில் இருப்பதெல்லாம் அந்த ஊர்ச் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். இறக்குமதிப் பிளாஸ்டிக்கும் அதே அலமாரியில் உட்கார்ந்திருக்கும்.

தமிழ்நாட்டில் இதே கடைசல் மரபு தாமிரபரணிக் கரையில் அம்பாசமுத்திரத்தில் இருக்கிறது. அடுப்பு, அம்மி, உரல், திருகை, குடம் என்று ஒரு சமையலறையையே உள்ளங்கையில் அடக்கும் மரச் சொப்புகள். பெண் குழந்தைகளுக்கு மட்டுமே வாங்கித் தரும் பழக்கத்தை மாற்றி, பையன்களும் சமைத்து விளையாடட்டும் என்று இரு சாராருக்கும் கொடுக்க வேண்டிய பொருள் அது. ஒரே ஒரு எச்சரிக்கை: சொப்பு என்றாலே சின்னது. தொடக்கத்தில் சொன்ன உருளைக்குள் கரண்டியும் குழவியும் எளிதாக இறங்கிவிடும். மூன்று வயது நிறைந்த பிறகு அதைக் கொடுக்கலாம். ஒன்றரை வயதுக்குக் கை நிறையப் பிடிக்கும் கிலுகிலுப்பை, அடுக்கு வளையம், இழுத்துக்கொண்டு போகும் வண்டி ஆகியவை போதும்.

கைவினைப் பொம்மைகளை வாங்கும்போது நினைவில் வைக்க வேண்டிய சட்ட நுணுக்கம் ஒன்று உண்டு. மத்திய அரசின் கைவினைத் துறையில் பதிவு செய்த கைவினைஞர்களுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. சின்னப் பட்டறை ஆய்வகச் செலவைத் தாங்காது என்பதால் அந்த விலக்கு சரியானது. ஆனால் முத்திரை சொல்லும் உறுதியை, அங்கே வாங்குகிறவரின் கேள்விதான் சொல்ல வேண்டும். என்ன மரம், என்ன நிறம், ஆணி இருக்கிறதா, ஒட்டியிருக்கிறதா. உண்மையான கைவினைஞர் இந்தக் கேள்விகளுக்குச் சலிப்பதில்லை. கேட்க ஆள் வந்ததே என்று இன்னும் இரண்டு சொல்வார்.

நடைவண்டிக்கு வருவோம். காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில், குதிரை பூட்டாமல் சிறுவர்கள் உருட்டும் மூன்று சக்கரச் சிறுதேர் வருகிறது. பிள்ளைத்தமிழில் ஆண்பாலுக்குரிய பத்துப் பருவங்களில் கடைசிப் பருவமே சிறுதேர்தான். இவ்வளவு நீண்ட வரலாறுள்ள பொருளின் இடத்தை, குழந்தையை நடுவில் உட்காரவைத்துக் காலால் உந்தவிடும் பிளாஸ்டிக் வாக்கர் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது நடையைக் கற்றுத் தருவதில்லை என்பதைக் குழந்தை மருத்துவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். உட்கார்ந்த நிலையில் விரல் நுனியால் தள்ளும் குழந்தைக்குத் தன் எடையைத் தானே தாங்கும் பயிற்சி கிடைப்பதில்லை. கூடவே, பெரியவர் ஓடிப் பிடிப்பதற்குள் படிக்கட்டை எட்டும் வேகம் கிடைத்துவிடுகிறது. அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை வாக்கரால் காயமடைந்து மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு வந்த 15 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் 2 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேல். கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்தது. மர நடைவண்டியில் குழந்தை நின்றுகொண்டு தள்ளுகிறது. விழுந்தால் தன் உயரத்திலிருந்துதான் விழும். அதற்கும் பெரியவர் துணை வேண்டும், படிக்கட்டுப் பக்கம் தடுப்பு வேண்டும்; அடிக்கட்டை கனமாகவும் சக்கரம் கொஞ்சம் இறுக்கமாகவும் இருப்பது நல்லது. மாமன்களும் அத்தைகளும் தனித்தனியே நான்கு பொம்மைப் பெட்டிகள் கொண்டுவருவதற்குப் பதில், சேர்ந்து ஒரு நல்ல நடைவண்டியைத் தச்சரிடம் சொல்லிச் செய்யலாம். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் அது போய்ச் சேரும்.

எத்தனை பொம்மை வேண்டும் என்பதும் ஆராயப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் டொலேடோ பல்கலைக்கழகத்தில், 18 முதல் 30 மாதம் வரையுள்ள 36 குழந்தைகளை ஒருமுறை 4 பொம்மைகளோடும் இன்னொருமுறை 16 பொம்மைகளோடும் விளையாடவிட்டுக் கவனித்தார்கள். 4 மட்டும் இருந்தபோது ஒவ்வொரு பொம்மையோடும் அதிக நேரம் இருந்தார்கள்; ஒரே பொருளைப் பல விதமாகக் கையாண்டார்கள். வடக்கு அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் நடந்த வேறோர் ஆய்வு, பேசும் பொம்மைகளைப் பற்றியது. 10 முதல் 16 மாதக் குழந்தைகளோடு பெற்றோர் விளையாடியதைப் பதிவு செய்து எண்ணியபோது, பாட்டும் விளக்கும் உள்ள மின்னணுப் பொம்மையோடு இருக்கையில் பெற்றோர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 40 சொற்கள் பேசினார்கள், சாதாரண மரப்புதிர், கட்டைகளோடு 56, புத்தகத்தோடு 67. பொம்மை பேச ஆரம்பித்ததும் அம்மா பேச்சை நிறுத்திக்கொள்கிறாள். மின்கலம் இல்லாத பொம்மையை வலியுறுத்துவதற்கு, குப்பையைவிட இந்தக் காரணம் பெரியது. பொத்தான் மின்கலத்தைக் குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துபோகக்கூடும் என்ற மருத்துவ உண்மையையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

புத்தகம் என்றதும் ‘கிழித்துவிடுமே’ என்பார்கள். கிழிக்கட்டும். கெட்டி அட்டையில் வரும் படப் புத்தகங்கள் அந்தக் கைகளுக்கென்றே செய்தவை. சென்னையின் தூளிகா பதிப்பகம் தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் சின்னக் குழந்தைகளுக்கான படக்கதைகளை வெளியிட்டு வருகிறது. நேஷனல் புக் டிரஸ்டின் சிறுவர் நூல்கள் மிகக் குறைந்த விலையில் கிடைக்கின்றன. ஓர் ஆயிரம் ரூபாய்ப் பிளாஸ்டிக் வீட்டின் விலையில் அந்தக் குழந்தைக்கு ஒரு நூலகத்தையே தொடங்கி வைக்கலாம்.

துணிப் பொம்மை எளிதானது, ஆனால் உரோமம் போல மினுங்கும் கரடிகள் பாலியெஸ்டர், அதாவது பிளாஸ்டிக் நூல். பழைய பருத்திப் புடவையில் தைத்து, போடிநாயக்கனூர்ப் பக்கத்து இலவம் பஞ்சை அடைத்த யானை அதைவிட மெத்தென்று இருக்கும். கண்ணுக்குப் பொத்தான் வைக்காமல் நூலால் தைக்க வேண்டும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு ஆரோவில்லில் கடலோரப் பெண்கள் துண்டுத் துணியில் செய்யத் தொடங்கிய சுனாமிகா பொம்மைகளைப் பலர் பரிசாகக் கொடுக்கிறார்கள். பெரியவர்களுக்கு அது அருமையான பரிசு. குட்டிப் பொம்மை என்பதால் ஒன்றரை வயதுக் கைக்கு வேண்டாம்.

பனையோலைக் கிலுகிலுப்பை சில மாதங்களில் காய்ந்து நொறுங்கும். அது குறை ஆகாது. செடித்தொட்டியில் போட்டால் மண்ணாகிவிடும். நொறுங்கும் நாளைக் கவனித்து, உள்ளிருக்கும் கல் வெளியே வருவதற்குமுன் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டில் பெண்கள் முடையும் ஓலைப் பெட்டிகள் குழந்தைக்கு இன்னொரு நல்ல விளையாட்டு. போட்டு எடுப்பது, எடுத்துப் போடுவது என்பது அந்த வயதின் முழுநேர வேலை. கூடவே ஓரம் மழுங்கிய ஒரு டவரா, ஒரு மரக்கரண்டி. பாத்திரக் கடையை விடச் சிறந்த பொம்மைக்கடை நடை பழகும் குழந்தைக்கு இல்லை என்று சொன்னால், தாத்தா பாட்டிகள் தலையசைப்பார்கள்.

பிறந்தநாளுக்கு வந்த குழந்தைகளுக்குத் திருப்பிக் கொடுக்கும் ரிட்டர்ன் கிஃப்ட் பையைப் பற்றி ஒரு வார்த்தை. விசில், குமிழி விடும் குழாய், ஒட்டுப்படம், இரண்டு பலூன். எல்லாம் அன்றிரவே குப்பைத்தொட்டிக்குப் போகும். பலூன் இயற்கை ரப்பரில் செய்ததாகவே இருக்கட்டும், வெடித்த துண்டு குழந்தையின் தொண்டையில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது கடினம். நிலக்கடலை மிட்டாயும் அந்த வயதுக்கு மூச்சுக்குழலை அடைக்கும் பண்டம்தான். அதற்குப் பதிலாக ஓலைப் பெட்டியில் வைத்த ஒரு படப் புத்தகம், அல்லது பெயர் எழுதிய மஞ்சப்பையில் ஒரு முருங்கைக் கன்று, தாய் தகப்பன் கையில் கொடுக்கலாம். மினுமினுக்கும் பரிசுத் தாளும் பிளாஸ்டிக் படலம் பூசியதே. பருத்தித் துண்டில் பொதிந்து முடிச்சுப் போட்டால், அவிழ்ப்பதே குழந்தைக்கு ஒரு விளையாட்டு.

இதெல்லாம் கடைக்குப் போக வசதியுள்ள வீடுகளின் கதை. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. அவற்றின் விளையாட்டுப் பொருட்களுக்கு அரசு பணம் செலவிடுகிறது. பல மையங்களில் அந்தப் பணம் பிளாஸ்டிக் கட்டைகளாகவும் உடைந்த சறுக்குப் பலகைகளாகவும் மூலையில் கிடக்கிறது. கடைசல் பட்டறைகளிலோ, கொலுக் காலம் தவிர்த்த மாதங்களில் வேலை குறைவு. அடுத்த தலைமுறை வேறு தொழிலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இந்த இரண்டையும் ஒரு கொள்முதல் ஆணையால் இணைக்க முடியும். மையத்துக்கு ஒரு நடைவண்டி, ஓர் அடுக்கு வளையம், சாயம் பூசாத மரக்கட்டை ஒரு கூடை, நான்கைந்து ஓலைப் பெட்டிகள், பத்துத் தமிழ்ப் படப் புத்தகங்கள். நிறத்தில் ஈயம் இல்லை என்ற ஆய்வகச் சான்றை அரசே தன் செலவில் எடுத்துக் கொடுத்துவிட்டால், சின்னப் பட்டறைகளுக்கும் அந்தச் சுமை இருக்காது. இந்த அவையில் உள்ளாட்சிப் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். தங்கள் ஊர் அங்கன்வாடிக்கு வரும் அடுத்த பட்டியலில் ஒரே ஒரு பொருளையாவது மாற்றி எழுதிக் கொடுக்கும்படி அவர்களைக் கேட்டுக்கொள்வதற்காகவே இந்த உரை தயாரிக்கப்பட்டது.